ஐம்பத்தேழாம் பக்கத்துக் கடைசி வார்த்தை

கட்டடப் பராமரிப்பு ஆபீஸ்ல அவளுக்குப் பேரு ரப்பர். நேர்ல பாத்தா ரப்பரக்கா, அந்தப் பக்கம் திரும்பினா வெறும் ரப்பர். ஏன்னா கண்ணுல பட்டதையெல்லாம் அழிச்சிடுவா. கிராஃபைச் சுத்திக் கட்டம் போட்டிருந்தா அழிப்பா. பின்னாடி சாம்பல் கலர்ல வரி வரியா ஓடுனா அழிப்பா. தலைப்புக்கு அடியில ஒரு கோடு இழுத்திருந்தா, "இது என்ன சேதி சொல்லுது?"ன்னு கேப்பா. சேதி சொல்லலேன்னா அதுவும் காலி. ஒரு தடவை அட்டெண்டர் லீவு லெட்டரைக் கொண்டாந்து "சரியா இருக்கா பாருங்கக்கா"ன்னு நீட்டப்போக, மதிப்புக்குரிய, தாழ்மையுடன், பணிவன்புடன் எல்லாத்தையும் அடிச்சு விட்டுட்டா. கடைசியில "வயித்துவலி, மூணு நாள்"னு மட்டும் மிஞ்சுச்சு. பெரிய இன்ஜினியர் அதுக்கு லீவும் குடுத்தாரு, அது வேற கதை.

இதெல்லாம் அவ சொந்தப் புத்தி இல்ல. எல்லாம் ஒரு புக்கு பண்ணின வேலை.

பன்னெண்டாவது முடிச்சிட்டு டைப் அடிக்க வந்தவ அவ. புருஷனுக்கு பஸ் ஸ்டாண்டு பின்னாடி தையக்கடை. அவ வேலைக்குச் சேந்து அஞ்சாறு வருஷம் கழிச்சு, பெரிய இன்ஜினியர் ஏதோ பயிற்சிக்குப் போயிட்டு வந்தவரு, ஒரு தடிப் புக்கோட ஜெராக்ஸை நீல அட்டை போட்டுக் கட்டிக்கிட்டு வந்து மேஜை மேல வெச்சாரு. எண்களை எப்படிப் படமா காட்டணும்னு எவரோ பெரிய மேதை எழுதி, நம்ம மொழியில பெயர்த்தது. "இந்தத் தொழில்ல இருக்கிற பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இதைப் படிச்சிட்டுத்தான் பேனாவையே தொடுவாங்க. ஒருத்தர்கிட்ட ஒரே ஒரு நாள் கைமாத்து வாங்கி எடுத்த காப்பி"ன்னாரு. அவரு முதல் அத்தியாயத்துலயே கொட்டாவி விட்டுட்டு மூடிட்டாரு. இவதான் உக்காந்து படிச்சா. சோப்பு உறை மேல எழுதினதைக்கூடப் படிக்காத பொம்பள, சாப்பாட்டு வேளையில ஒரு கையில டிபன் டப்பா, ஒரு கையில புக்குன்னு மூணு தடவை முடிச்சா. டைப் அடிக்கிற நாற்காலியில இருந்து படம் வரையற நாற்காலிக்கு அவளைத் தூக்கிட்டுப் போனது அந்தப் புக்குதான்.

அதுல ரெண்டு விஷயம் அவளுக்கு மந்திரம் மாதிரி. சேதி சொல்லாத மை குப்பைங்கிறது ஒண்ணு. இன்னொண்ணு ஐம்பத்தேழாம் பக்கம்: அளவு சைபர்ல இருந்துதான் தொடங்கணும், அடியை வெட்டிட்டு மேல் பாகத்தை மட்டும் காட்டுறது பொய். வட்டப் படமே ஆகாதுன்னு வேற ஒரு புக்கு அலமாரியில கெடந்துச்சு. அதையும் இவ படிச்சுத் தொலைச்சதுல இருந்து, ஆபீஸ்ல பொறந்தநாள் கேக்கைக்கூட நீள நீளப் பட்டையாத்தான் வெட்டினாங்க. ஆப்பு ஆப்பா வெட்டினா எவன் துண்டு பெருசுன்னு கண்ணு ஏமாந்துடுமாம்.

அந்த நீல அட்டைப் புக்கு கொஞ்சம் விசித்திரமான புக்குதான். பக்கம் முடியற எடத்துல வாக்கியம் அந்தரத்துல தொங்கும், அடுத்த தாள்ல வேற எங்கயோ ஆரம்பிக்கும். ஐம்பத்தேழாம் பக்கமே "ஆனால்"னு ஒத்தை வார்த்தையில நின்னுடும். தாளைத் திருப்பினா மனுஷன் கலரைப் பத்திப் பேசிக்கிட்டிருப்பாரு. மேதைங்க அப்படித்தான் எழுதுவாங்க போலன்னு எல்லாரும் மரியாதையா தாண்டிப் போனாங்க. இவளும் தாண்டினா.

இப்போ சுவருக்கு வருவோம். பெரியாஸ்பத்திரிக்குப் பின்னாடி ஒரு மேடு. அந்த மண்ணு சரியாம தடுத்து நிக்கிறது ரெண்டு ஆள் உசரக் கருங்கல் சுவரு. சுவத்துக்கு அடியில ஒட்டினாப்புல சலவைக் கூடம். ஆஸ்பத்திரிப் போர்வை, தலகாணி உறை எல்லாம் அங்கதான் வெளுக்கும், ஏழு பொம்பளைங்க வேலை. சுவத்துல நெட்டுக்க ஒரு விரிசல். விரிசலுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பித்தளைக் குமிழ் பதிச்சு, ரெண்டுக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு வெள்ளிக்கு வெள்ளி அளக்கணும். அளக்கிறவரு சர்வேயர் அண்ணன். படம் போடறவ ரப்பரக்கா. மாசாமாசம் மீட்டிங்ல அந்தப் படத்தைப் பாத்து முடிவு பண்றவரு பெரிய இன்ஜினியர்.

பதினாலு மாசத்துக்கு முன்னாடி முதல் அளவு நானூத்திப் பன்னெண்டு புள்ளி ஒண்ணு. மூணாவது மாச மீட்டிங்குக்கு சர்வேயர் அண்ணன் தானே ஆசையா ஒரு படம் வரைஞ்சு கொண்டாந்தாரு. அவரு படம் நானூத்திப் பத்துல ஆரம்பிச்சு நானூத்திப் பதினஞ்சுல முடிஞ்சுது. கோடு லேசா தலை தூக்குச்சு. இவ அத்தனை பேரு முன்னாடியும் எழுந்து நின்னா.

"அண்ணே, அடியில நானூத்திப் பத்து மில்லிமீட்டரை வெட்டி எறிஞ்சிருக்கீங்க. புக்குல இதுக்குப் பேரு பொய்."

"தங்கச்சி, அது வெட்டலம்மா, கிட்டப் போயி பாக்கிறது..."

"ஐம்பத்தேழாம் பக்கம் பாருங்கண்ணே!"

பெரிய இன்ஜினியர், "புக்குல இருக்குன்னா இருக்குதான்யா"ன்னு முடிச்சிட்டாரு. சர்வேயருக்குக் காது ரெண்டும் செவந்து போச்சு. அன்னிக்கோட 'தங்கச்சி' போயி 'மேடம்' வந்துச்சு. வெள்ளிக்கிழமை ஒரு துண்டுச் சீட்டுல எண்ணை எழுதி அவ மேஜையில வெப்பாரு, "மேடம்"ம்பாரு, போயிடுவாரு. அவ கம்ப்யூட்டர்ல ஏத்துவா. கம்ப்யூட்டரு தானாவே நானூத்திப் பத்துலதான் ஆரம்பிச்சுக் காட்டும். "மெஷினுக்கு என்ன தெரியும்"னு அதோட காதைப் பிடிச்சு இழுத்து சைபருக்குக் கொண்டாருவா. கோடு இஸ்திரி போட்ட மாதிரி படுத்துக்கும். பெரிய இன்ஜினியர் மூணு செகண்டு பாப்பாரு. "சுவரு நல்லா தூங்குது. அடுத்து?"

அப்படி ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவளோட நாத்தனார் இவங்க வீட்டுக்கு வந்தா. புருஷனோட அக்கா. சலவைக் கூடத்து ஏழு பேருல மூத்தவ. ரெண்டு பேருக்கும் ஒத்துக்காதுங்கிறது தெருவுக்கே தெரியும். இவ அழிக்கிறது அவளுக்குப் பிடிக்காது, அவ பேசுறது இவளுக்குப் பிடிக்காது. அவ வந்து உக்காந்து, தம்பி கையால டீயை வாங்கிக்கிட்டு, இவளைப் பாக்காமலே ஆரம்பிச்சா.

"தம்பி, உன் பொண்டாட்டி ஆபீஸ்ல தச்சன் யாராச்சும் இருந்தா அனுப்பச் சொல்லு. எங்க கதவு மூட மாட்டேங்குது."

"மழைக்கு மரம் ஊதியிருக்கும்க்கா."

"இரும்புக் கதவுடா! இரும்பு எங்கடா ஊதும்? மூணு வாரமா நெலையில இடிக்குது. நேத்து ரெண்டு பேரு சேந்து தள்ளினோம். உன் வீட்டம்மா அங்க சுவரு தூங்குதுன்னு படம் போடறாங்களாம். தூக்கத்துல புரண்டு படுக்குதோ என்னமோ."

புருஷன் சிரிச்சான். இவ சிரிக்கல. கையில இருந்த கரண்டியை எங்க வெக்கிறதுன்னு தெரியாம ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சா.

"அண்ணி, எந்தப் பக்கம் இடிக்குது? மேலயா, கீழயா?"

"மேல. சுவத்துப் பக்கம். ஏன், அதையும் அழிக்கப் போறியா?"

வெள்ளிக்கிழமை காலையில சீட்டு வந்துச்சு. நானூத்திப் பத்தொம்போது புள்ளி ஏழு. அவ முதல் தடவையா படத்தை விட்டுட்டு எண்களைப் பாத்தா. வரிசையா, மேல இருந்து கீழ. முதல் பத்து மாசத்துல ஒண்ணரை மில்லிமீட்டர்கூட நகரல. அடுத்த மூணு மாசத்துல ரெண்டரை. கடைசி அஞ்சு வாரம்: நானூத்திப் பதினாறு புள்ளி நாலு, பதினாறு புள்ளி ஒம்போது, பதினேழு புள்ளி ஆறு, பதினெட்டரை, இப்போ பத்தொம்போது புள்ளி ஏழு. வாரா வாரம் போறது மட்டும் இல்ல, போற வேகமும் கூடுது. அவ படத்துல இந்த மொத்தமும் சேந்து ஒரு தீக்குச்சி கனம்.

கம்ப்யூட்டரை அதுபாட்டுக்கு விட்டா. கோடு எழுந்துச்சு. முதல்ல தரையோட தவழ்ந்து, அப்புறம் முட்டி போட்டு, கடைசியில ஏணி சாத்தின மாதிரி நட்டுக்க நின்னுச்சு.

ரெண்டு படத்தையும் அச்செடுத்து, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா. ரெண்டுலயும் ஒரே எண்ணு. ஒண்ணு தூங்குது, ஒண்ணு கத்துது. இதுல எது பொய்? கத்துறது பொய்னா, ஒரு புக்கை நம்பாம ஊரைப் பயமுறுத்தினவ ஆவா. தூங்கறது பொய்னா, பதினாலு மாசமா பொய் வரைஞ்சது சர்வேயரு இல்ல, அவதான். பெரிய இன்ஜினியர்கிட்டப் போகலாம்னா, ரெண்டு நாள் வெளியில, மீட்டிங் திங்கக்கிழமைன்னாங்க. நீல அட்டையை எடுத்தா. ஐம்பத்தேழாம் பக்கம். கடைசி வார்த்தை: ஆனால்.

ஆனால் என்ன?

தாளைத் திருப்பினா. கலர். பக்க நம்பரைப் பாத்தா. ஐம்பத்தொம்போது. அதுக்கு அடுத்தது அறுபத்தொண்ணு. முன்னாடி திருப்பினா ஐம்பத்தஞ்சு, ஐம்பத்துமூணு. புக்கு முழுக்க ஒரு இரட்டைப்படை நம்பரு இல்ல. ஜெராக்ஸ் கடைக்காரன் தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்துக் குடுத்திருக்கான். ஆபீஸ் மொத்தமும் இத்தனை வருஷமா பாதிப் புக்கைப் படிச்சிட்டு முழு மேதையா திரிஞ்சிருக்கு.

சனிக்கிழமை காலையில பெரிய லைப்ரரி திறக்கிறதுக்கு முன்னாடியே வாசல்ல நின்னா. லைப்ரரிக்காரரு சாவியைப் போடறதுக்குள்ள மூணு தடவை "சார், அந்தப் புக்கு இருக்குல்ல?"ன்னு கேட்டா. இருந்துச்சு. முழுசா. தாளுக்கு ரெண்டு பக்கமும் அச்சடிச்சிருந்துச்சு. ஐம்பத்தெட்டாம் பக்கத்தைத் திருப்பறப்போ விரல் ஒட்டல, எச்சில் தொட்டுத் திருப்பினா.

அங்க எழுதியிருந்தது இதுதான்: அந்த விதி பட்டைப் படத்துக்கு. பட்டையோட நீளத்தைத்தான் கண்ணு அளக்குது, அதனால அடியை வெட்டக் கூடாது. கோட்டுப் படம் வேற. கோடு போடறதே மாறுதலைப் பாக்க. மாறுதல் தெரியற அளவுக்குக் கிட்டப் போகாம சைபர்ல இருந்துதான் வரைவேன்னு அடம் பிடிச்சா, அதுவும் ஒரு விதத்துல மறைக்கிறதுதான்.

பென்சில்ல அப்படியே ஒரு தாள்ல எழுதிக்கிட்டா. எழுத்து கோணலா போச்சு. அழிக்கல.

நேரா சர்வேயர் வீட்டுக்குப் போனா. மனுஷன் வாசல்ல சைக்கிள் சக்கரத்தைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருந்தாரு.

"வாங்க மேடம். இன்னிக்கு என்ன பொய் சொல்லிட்டேன்?"

அவ தாளை நீட்டினா. அவரு கிரீஸ் கையோட வாங்கி, உதடு அசையப் படிச்சாரு. படிச்சு முடிச்சுத் தாளைத் திருப்பிக் குடுத்தாரு.

"அப்போ மேடம் ஆனா வரைக்கும்தான் படிச்சிருக்காங்க. ஆவன்னா அடுத்த பக்கத்துல இருந்திருக்கு."

"திட்டணும்னா அப்புறம் நல்லா திட்டுங்கண்ணே. இப்போ எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது விழுமா?"

அவரு எழுந்து உள்ள போயி ஒரு நோட்டைக் கொண்டாந்தாரு. "நேத்து அளந்ததுல இருந்து எனக்கும் மனசு சரியில்ல. இன்னிக்குக் காலையில ஆபீஸுக்குச் சொல்லாமப் போயி மறுபடி அளந்தேன். நானூத்தி இருபது புள்ளி மூணு."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நாள்ல."

"இதை ஏண்ணே யாருகிட்டயும் சொல்லல?"

"படத்தைக் காட்டினேன், பொய்யன்னாங்க. வெறும் எண்ணைச் சொன்னா என்னன்னுவாங்க?"

"வாங்கண்ணே"ன்னு அவரையும் கூட்டிக்கிட்டு அவ பெரிய இன்ஜினியர் வீட்டுக்கே கெளம்பினா. திங்கக்கிழமைக்கு நடுவுல ஒண்ணரை நாள் இருக்கு. சலவைக் கூடத்துக்கு ஞாயித்துக்கிழமையும் லீவு கிடையாது.

பெரிய இன்ஜினியர் வீட்டு அம்மா, "வெளியூர்ல இருந்து இப்பத்தான் வந்தாரு, சலூன்ல இருப்பாரு"ன்னு கைகாட்டிச்சு. ரெண்டு பேரும் சலூனுக்குள்ள நுழைஞ்சா, அவரு ஒரு கன்னம் மழிச்சு, ஒரு கன்னம் நுரையோட கண்ணை மூடிக்கிட்டு சாஞ்சிருந்தாரு. சலூன்ல பொம்பளை குரல் கேட்டதும் திடுக்குன்னு கண்ணைத் திறந்தாரு.

"ஆடாதீங்க சார், கத்தி"ன்னாரு சலூன்காரரு.

அவ ஏணி மாதிரி நின்ன படத்தைக் கண்ணாடிக்கு முன்னாடி பிடிச்சா. அவரு அரைக் கண்ணால பாத்தாரு.

"அடியை வெட்டியிருக்கே. நீதானம்மா இதைப் பொய்ன்னே?"

"ஆமா சார். நான்தான் தப்பு. அண்ணன் சொன்னதுதான் சரி. எல்லாரு முன்னாடியும் அவரைப் பொய்யர்னேன்."

"புக்குல..."

"நம்ம புக்குல பாதிதான் சார் இருக்கு. ஜெராக்ஸ்ல ஒரு இரட்டைப்படைப் பக்கமும் இல்ல." பென்சில் தாளையும் நீட்டினா. "இது ஐம்பத்தெட்டு."

சலூன்காரருக்குச் சிரிப்பு வந்துடுச்சு, கத்தியை எடுத்துத் தூர வெச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. பெரிய இன்ஜினியரு சிரிக்கல. அந்த ஜெராக்ஸை எடுத்துட்டு வந்தது யாருன்னு அவருக்கு ஞாபகம் வந்துடுச்சு போல. "எதுவா இருந்தாலும் திங்கக்கிழமை முறைப்படி..."ன்னு இழுத்தாரு.

சர்வேயர் அண்ணன் அப்போதான் வாயைத் திறந்தாரு. "சார், நேத்து பத்தொம்போது புள்ளி ஏழு. இன்னிக்குக் காலையில இருபது புள்ளி மூணு. ஒரு வாரத்துல நடக்கறதுல பாதி ஒரு நாள்ல நடந்திருக்கு. திங்கக்கிழமை எத்தனைன்னு நீங்களே சொல்லுங்க."

"அங்க எத்தனை பேரு வேலை பாக்குறாங்க?"

"ஏழு பேரு சார்"ன்னா அவ. "ஒருத்தி எங்க அண்ணி."

நுரை காஞ்சு கன்னத்துல வெடிக்க ஆரம்பிச்சிருந்துச்சு. பெரிய இன்ஜினியரு துண்டோட எழுந்து, நுரைக் கன்னத்துல போனை வெக்கப்போயி, மறு கன்னத்துக்கு மாத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் பேசினாரு. அந்தப் பக்கம் என்ன சொன்னாங்களோ, "நீங்க எழுத்துல கேட்டா எழுத்துல தரேன், முதல்ல ஆளுங்களை வெளிய கொண்டாங்க"ன்னு கத்தினாரு. ஆளு வாழ்க்கையில முதல் தடவையா அப்படிக் கத்தினாருன்னு சலூன்காரரு இன்னிக்கும் சொல்றாரு.

போன் போன வேகத்தை நம்பாம இவங்க ரெண்டு பேரும் ஆட்டோ பிடிச்சு ஓடினாங்க. நெனைச்ச மாதிரியே அங்க யாரும் வெளிய வரல. நாத்தனார் இடுப்புல கையை வெச்சுக்கிட்டு வாட்ச்மேன்கிட்ட வாதாடிக்கிட்டிருந்தா.

"முன்னூறு போர்வை ஈரமா கெடக்கு. ஆபரேஷன் தியேட்டருக்கு உங்கப்பாவா போர்வை குடுப்பாரு?"

"அண்ணி, வெளிய வாங்க."

"வந்துட்டாங்கடி படம் போடறவங்க. நேத்து வரைக்கும் தூங்கிச்சு, இன்னிக்கு முழிச்சுக்கிச்சா?"

"தூங்கவே இல்ல அண்ணி. நான்தான் தூங்குதுன்னு போட்டேன். உங்க கதவு சொன்னதுதான் நெஜம். உங்க கால்ல விழறேன், வாங்க."

நாத்தனாரு அவ மூஞ்சியைப் பாத்தா. இருபது வருஷத்துல இவ வாயில இருந்து 'நீங்க சொன்னது நெஜம்'னு ஒரு வார்த்தை வந்ததில்ல. அதுலதான் அவளுக்கு முதல் தடவையா பயம் வந்துச்சு. சுவத்தைத் திரும்பிப் பாத்தா, உள்ள இருந்த ஆறு பேரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டா. கடைசியா வந்தவளைக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வெளிய வந்தா. மிஷினை அணைக்கணும்னு ஒருத்தி திரும்பினதுக்கு, "அது கெடக்கட்டும், வாடி"ன்னு போட்ட சத்தம் மேல மூணாவது மாடி வார்டு வரைக்கும் கேட்டுச்சாம்.

சாயங்காலத்துக்குள்ள மரமும் இரும்புமா முட்டுக் குடுத்தாங்க. மேட்டு மேல தண்ணி வடிய வழி வெட்டினாங்க. ஞாயித்துக்கிழமை வெளியில இருந்து ஒரு பெரிய நிபுணரு வந்து சுவத்தைத் தட்டிப் பாத்தாரு, தடவிப் பாத்தாரு. விழுந்திருக்குமான்னு இவ கேட்டா. "விழுந்திருக்கலாம். நின்னிருக்கவும் நின்னிருக்கலாம்"னுட்டு அவரு பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. இவளுக்கு அதுதான் பெரிய வேதனை. விழுந்திருந்தா ஊரு நம்பும். விழாத சுவத்துக்கு எவன் நன்றி சொல்லுவான்? ஆஸ்பத்திரியில பாதிப் பேரு, "ஒரு கோட்டைப் பாத்துப் பயந்துட்டாங்கப்பா"ன்னுதான் பேசிக்கிட்டாங்க.

திங்கக்கிழமை மீட்டிங்ல அவ எழுந்து நின்னு, எந்த வாயால பொய்ன்னாளோ அதே வாயால மன்னிப்புக் கேட்டா. சர்வேயர் அண்ணன் ஜன்னலைப் பாத்துக்கிட்டிருந்தாரு. சாப்பாட்டு வேளையில, "லைப்ரரி புக்கை எடுத்துட்டு வந்தா நானும் ஒரு தடவை பாக்கறேன், ரெண்டு பக்கமும்"னு மட்டும் சொன்னாரு. மேடமும் சொல்லல, தங்கச்சியும் சொல்லல.

சலவை வேலை இப்போ ஆஸ்பத்திரி முன்பக்கம் ஒரு தகரக் கொட்டகையில நடக்குது. வெள்ளிக்கிழமை ஆச்சுன்னா சர்வேயரோட ரப்பரக்காவும் அளக்கப் போறா. குமிழ்ல அளக்கிற காலிப்பரை வெக்கிறப்போ மூச்சை அடக்கிக்குவா. ரெண்டு வாரம் நானூத்தி இருபத்தொண்ணுலயே நின்னுச்சு. அவளுக்கு அதுவும் நிம்மதி இல்ல. நிக்குதா, இல்ல நான் பாக்கிற விதத்துல நிக்குதான்னு ராவும் பகலும் அரிக்குது.

மூணாவது வெள்ளி அளந்துட்டுத் திரும்புறப்போ, நாத்தனாரு மிச்சம் கெடந்த கொடிக்கயித்தை எடுக்கப் பழைய கூடத்துப் பக்கம் வந்திருந்தா.

"எவ்வளவு இன்னிக்கு?"

"நானூத்தி இருபத்தொண்ணு புள்ளி ரெண்டு அண்ணி."

"அதை வெச்சு நான் என்ன பண்றது? போன வாரத்தை விட எவ்வளவுன்னு சொல்லு."

"புள்ளி ரெண்டு."

நாத்தனாரு சுவத்தை ஒரு தடவை அண்ணாந்து பாத்தா. அப்புறம் கயித்தைச் சுருட்டித் தோள்ல போட்டுக்கிட்டு, வந்த வழியை விட்டுட்டு, சுவத்துக்கு எட்டாத தூரத்துல சுத்தி நடந்தா.

"நீ சொன்னதுக்காக இல்ல. அந்தப் பக்கம் சேறு"ன்னா.

அந்தப் பக்கம் சேறு இல்ல. ரப்பரக்காவும் அவ கால் வெச்ச வழியிலயே பின்னாடி போனா.